மூக்கு சாரும் கறுப்பு எண்ணெயும்

என் வீட்டுக்காரரின் சட்டைகளை நான் தனி வாளியில்தான் ஊறப்போடுவேன். மற்ற துணிகளோடு போட்டால் எல்லாமே நாறிப்போகும். ஓட்டல்களில் பொரித்துப் பொரித்துக் கறுத்துப்போன எண்ணெயை வாங்கி, அதிலிருந்து டீசல் தயாரிக்கும் ஆலையில் அவர் கெமிக்கல் இன்ஜினியர். வருகிற எண்ணெயைச் சோதித்து, உள்ளே விடலாமா கூடாதா என்று சொல்வது அவர் பொறுப்பு. படித்த படிப்புக்கு ஏசி அறையில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். மனிதர் பீப்பாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பார்.

ஆலையில் அவருக்கு 'மூக்கு சார்' என்று பெயர். மூடியைத் திறந்ததுமே இது மீன் கடை, இது கோழிக் கடை என்று சொல்லிவிடுவாராம். கல்யாணமான புதிதில், வேறு இடமே கிடைக்காத மாதிரி, என்னை அங்கேதான் கூட்டிப்போனார். தொட்டியின் அடியில் தங்கிய வண்டலை ஆட்கள் வழித்துக்கொண்டிருந்தார்கள். அழுகிய மீன் தோலும் வெங்காயச் சக்கையும் சேர்ந்த கொழகொழப்பு. நான் வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். அவரோ மூக்கைக்கூடப் பொத்தவில்லை.

"நாறுதுன்னு நினைக்காத. விட்டா இதெல்லாம் சாக்கடைக்குத்தான் போகும். இங்க வந்ததால பஸ் ஓட்டப் போகுது" என்றார்.

இப்படி ஒரு கிறுக்கிடம் வந்து மாட்டிக்கொண்டோமே என்று நினைத்தேன்.

அந்த டீசலில் ஓடும் பஸ்களின் முதுகில் பெரிய பச்சை இலை வரைந்திருக்கும். புகையில் லேசாகப் பொரித்த வாடை வரும். தெருவில் ஒன்று கடந்து போனால் போதும், இவர் நடுத்தெருவில் நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "நம்ம எண்ணெய்" என்பார். எனக்கு மானம் போகும். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு யாராலும் கோபப்பட முடியாது.

என் தம்பிக்கு அந்த ஆலையில் வழி காட்டியவரும் அவர்தான். ஓட்டல் ஓட்டலாகப் போய்ப் பழைய எண்ணெயைச் சேகரித்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து கொடுக்கும் வேலை. கொஞ்ச நாளிலேயே தம்பி ஆளே மாறிவிட்டான். வீட்டுக்கு வரும்போதெல்லாம் சீல் உடைக்காத புது எண்ணெய் டின் ஒன்றைக் கொண்டுவந்து அடுப்படியில் வைப்பான். "சும்மா கிடைச்சது அக்கா, வச்சுக்கோ" என்பான். நானும் வாயெல்லாம் பல்லாக வாங்கி வைத்துக்கொள்வேன்.

ஒருநாள் அவர் ஒரு சிறு பாட்டிலில் கறுப்பு எண்ணெயோடு வீட்டுக்கு வந்தார். சாப்பிட உட்காரவில்லை. அந்த எண்ணெயில் ஒரு துளியை எடுத்து ஸ்பிரிட்டில் கலக்கி, நிறம் காட்டும் மருந்தைச் சேர்த்து, சோடாக் காரம் கரைத்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். பலமுறை பொரித்துப் புளித்துப்போன எண்ணெய் என்றால் சொட்டுகளை விழுங்கிக்கொண்டே போகுமாம். நிறம் மாற வெகுநேரம் ஆகுமாம். இது முதல் சொட்டிலேயே ரோஜாப் பூ மாதிரி சிவந்தது.

"வாடையும் ஒரே வாடைதான். கருகின ரொட்டி. மீன் இல்ல, கோழி இல்ல, வெங்காயம்கூட இல்ல. புது எண்ணெயைக் கருக்கி அனுப்புறாங்க."

"யாராவது புது எண்ணெயைக் கருக்குவாங்களா? எதுக்கு?"

"குப்பையிலிருந்து எடுத்த டீசலுக்குத்தான் அரசாங்கச் சலுகை, மவுசு எல்லாம். அதனால நல்ல எண்ணெயை விடக் கறுப்பு எண்ணெய்க்கு விலை ஜாஸ்தி."

"எவன் அவன்?"

அவர் அடுப்படியில் இருந்த டின்னைப் பார்த்தார். தம்பி கொண்டுவந்து வைத்தது.

மறுநாள் காலையில் அந்த டின்னைத் தூக்கிக்கொண்டு தம்பி எண்ணெய் சேர்த்து வைக்கும் கொட்டகைக்குப் போனேன். சுவரோரம் கூரை வரைக்கும் புது டின்கள். நடுவில் பெரிய அடுப்பு, அதன் மேல் ஓர் ஆள் உட்கார்ந்து குளிக்கலாம் போன்ற சட்டி. ரொட்டித் துண்டுகளைக் கொட்டிக் கரியாகும்வரை பொரித்துக்கொண்டிருந்தான். நிறத்துக்குத் தேயிலைத் தூள் வேறு. கண்ணெல்லாம் எரிந்தது. ஆலையில் அன்று குமட்டியதைவிட மோசமாகக் குமட்டியது. அங்கே நாறியது கழிவு. இங்கே நாறியது என் கூடப்பிறந்தவன்.

"திங்கிற எண்ணெயைக் கருக்கிக் குப்பைன்னு விக்கிறியே, கூசலையாடா உனக்கு?"

"கடை கடையா அலைஞ்சா ஒரு பீப்பா தேறுறதே பெரும்பாடு அக்கா. அவங்களுக்குக் குப்பைதான் வேணும்னா நான் என்ன செய்ய? முதலாளிக்கே தெரியும். மாமா மூக்குதான் குறுக்க நிக்குது. நீ அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்."

கையிலிருந்த டின்னை அவன் காலடியில் டங்கென்று வைத்தேன். "இந்தா, இதையும் சேர்த்துக் கருக்கு!"

நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல் கேட்டுவிட்டோம், தலை குனிவான் என்று எதிர்பார்த்தேன். அந்தப் பயல் "சரி அக்கா" என்று சொல்லி, சீலை உடைத்துச் சட்டியில் ஊற்றினான்.

அவர் என் தம்பியின் லோடை உள்ளே விடவில்லை. முதலாளி கூப்பிட்டனுப்பினாராம். "கறுப்பா இருக்கு, நாறுது. இதுக்கு மேல என்னய்யா வேணும் உனக்கு?" என்றாராம். சோதனை அறைச் சாவி வேறொருவர் கைக்குப் போனது. அன்று சாயங்காலமே என் தம்பியின் வண்டியும் உள்ளே போனது. இவர் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டில் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

வேறோர் இடத்தில் வேலை கேட்க இருவரும் கிளம்பினோம். பஸ் நிறுத்தத்தில் நின்றபோது பச்சை இலை வரைந்த பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. புகை முகத்தில் அடித்தது. பழைய பொரித்த வாடை எதுவும் இல்லை, புது எண்ணெயாக நன்றாகவே மணத்தது. பழக்கத்தில் நான் அவர் முகத்தைப் பார்த்தேன், "நம்ம எண்ணெய்" என்று சொல்வாரென்று.

அவர் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். பஸ் திரும்பி மறைந்த பிறகும் கையை எடுக்கவில்லை.