அன்றைக்கே சொன்ன அண்ணன்

"எனக்கு அப்பவே தெரியும்" என்று யாராவது சொன்னால் சித்ராதேவிக்குப் பற்றிக்கொண்டு வரும். மழை பெய்து முடிந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரி நனைந்த துணிகளைப் பிழிந்துகொண்டே, "மழை வரும்னு எனக்கு அப்பவே தெரியுமுங்க" என்றால்கூட விடமாட்டாள். "தெரிஞ்சிருந்தா அப்பவே எடுத்திருக்கலாமல்லோ?" என்று வெடுக்கென்று கேட்டுவிடுவாள். ராயபுரத்து லைன் வீடுகளில் அவளுக்கு வாயாடி என்று பெயர். பெயர் வைத்தவர்களுக்கு என்ன தெரியும்? இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்துக்கு முன்னால் அவளைப் பார்த்திருக்க வேண்டும். அண்ணன் சொன்னால் சரி என்று தலையாட்டுவதைத் தவிர அந்த வாய்க்கு வேறு வேலையே இருந்ததில்லை.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. பனியன் தொழிலாளர் சங்கத் தலைவர் ரத்தினசாமி. சித்ராதேவி எட்டாம் வகுப்போடு கம்பெனிக்கு வந்தவள். முதலில் துணியில் பிசிறு வெட்டினாள், பிறகு செக்கிங் மேஜைக்குப் போனாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சூப்பர்வைசர் ஒருவன் அவளை எல்லார் முன்னாலும் கேட்கக் கூடாத வார்த்தை கேட்டுவிட்டான். மறுநாள் காலை ரத்தினசாமி வாசலில் நின்றார். அந்த ஆள் மன்னிப்புக் கேட்கிற வரை ஒரு மிஷின்கூட ஓடவில்லை. சும்மா சொல்லக் கூடாது, அந்த மனுஷன் அப்படியும் இருந்திருக்கிறார். அன்றிலிருந்து சங்கத்துக்கு ஆள் திரட்டுவது, ஊர்வலத்தில் முன்னால் நின்று கோஷம் போடுவது எல்லாம் சித்ராதேவிதான். கல்யாணத்துக்குக்கூட மாலை எடுத்துக் கொடுத்தது அவர் கைதான். மாப்பிள்ளை குகன், அதே கம்பெனியில் அயர்ன் மாஸ்டர்.

ரத்தினசாமிக்கு ஒரு பழக்கம். கம்பெனி வாசலில் கூட்டம் போட்டால் கூலியைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுவார், உலகத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். அமெரிக்காக்காரன் என்ன நினைக்கிறான், பாகிஸ்தான்காரன் ஏன் முறைக்கிறான் என்று பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்வது போலச் சொல்வார். டீயும் வடையும் ஆறிப்போகும், ஒருத்தரும் நகரமாட்டார்கள். இரண்டாயிரத்து இரண்டில் எல்லையில் இரண்டு நாட்டுப் பட்டாளமும் எதிரெதிரே நின்றபோது ஊரே பயந்து கிடந்தது. ரத்தினசாமி மட்டும் மைக்கைப் பிடித்து, "சண்டை வராது, எழுதி வச்சுக்கங்க" என்றார். வரவில்லை. அவ்வளவுதான்! அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் திருப்பூரில் வேதவாக்கு.

சண்டை வராது என்று சொல்ல என்ன பெரிய ஞானம் வேண்டும்? வரும், வராது என்று இரண்டுதானே இருக்கிறது, ஒன்றைச் சொன்னால் பாதிக்குப் பாதி பலிக்கும். இதெல்லாம் இப்போது சித்ராதேவி சொல்வது. அன்றைக்கு அவளும் கை வலிக்கத் தட்டியவள்தான்.

இரண்டாயிரத்து மூன்று தைப்பூசத்துக்குக் கொஞ்சம் முன்னால் குகனுக்குக் குவைத்திலிருந்து விசா வந்தது. பெரிய சலவைக்கூடம், அங்கேயும் அயர்ன் வேலைதான். கொஞ்ச வருஷம் இருந்துவிட்டு வந்தால் சொந்தமாக ஒரு ஊடு கட்டிவிடலாம் என்று சித்ராதேவிக்கு ஆசை. குகனுக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

"டிவியில தினமும் ஈராக்கு ஈராக்குன்னு சொல்றான் புள்ள. குவைத்து பக்கத்துலயே இருக்குது. சண்டை வந்துட்டா என்ன பண்றது?"

"ஏனுங்க, நமக்கென்னங்க தெரியும்? அண்ணனைக் கேட்டுப்போடலாம். அவிய வேண்டாம்னா போகவே வேண்டாம்."

போனார்கள். சங்க ஆபீசில் ரத்தினசாமி பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குகன் தயங்கித் தயங்கிக் கேட்டதும் சிரித்தார்.

"போரும் வராது கீரும் வராது. அமெரிக்காக்காரன் பூச்சாண்டி காட்டறான், அவ்வளவுதான். உலகமே எதிர்த்து நிக்குதல்லோ? நீ தைரியமாப் போ. நான் சொல்றேன்."

வெளியே வந்ததும் சித்ராதேவி புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். இன்னும் என்ன யோசனை என்று அந்தச் சிரிப்புக்கு அர்த்தம். குகன் பழனிக்கு நடந்துபோய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தான். தைப்பூசம் முடிந்த கையோடு கிளம்பினான். ரயில்வே ஸ்டேஷனுக்கு ரத்தினசாமியும் வந்திருந்தார். வண்டி நகரும்போது ஜன்னல் வழியாகக் குகனின் தோளைத் தட்டி, "பாத்துப் போய்ட்டு வா கண்ணு" என்றார். சந்தைக்குப் போகிறவனிடம் சொல்வோம், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் சொல்வோம். வாசலைத் தாண்டுகிற யாரிடமும் நம் பக்கத்தில் சொல்லாமல் விட்டதில்லை. சித்ராதேவியும் அதைத்தான் சொன்னாள், மாமியார் பழனாத்தாளும் அதைத்தான் சொன்னாள்.

பங்குனியில் சண்டை வந்துவிட்டது. குகன் ஒரே ஒரு தடவை போன் பண்ணினான். சலவைக்கூடம் என்று சொல்லிக் கூட்டிப்போனவர்கள் லாரியில் ஏற்றி ஈராக்குக்குள் பட்டாளத்து முகாமில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள், சிப்பாய்களின் உடுப்பைத் தேய்க்கிற வேலையாம். பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்துபோனது. அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை.

சித்ராதேவி சங்க ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். கலெக்டரிடம் மனுக் கொடுக்கலாமா, டில்லியில் யாரையாவது பார்க்கலாமா என்று கேட்டாள். "பாத்துக்கலாம் கண்ணு, பாத்துக்கலாம்" என்றார் ரத்தினசாமி. அவருக்கு நேரமில்லை. போரைக் கண்டித்துப் பெரிய கூட்டம் ஏற்பாடாகிக்கொண்டிருந்தது.

சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள். 'போர் வரும் என அன்றே எச்சரித்த தீர்க்கதரிசி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, கீழே படத்தில் ரத்தினசாமி ஆள்காட்டி விரலை உயர்த்திக்கொண்டு நின்றார். கம்பெனிக்குப் போகிற வழியில் அதைப் பார்த்த சித்ராதேவி, தான் தப்பாகப் படிக்கிறோமோ என்று கிட்டே போய் இன்னொரு தடவை படித்தாள். வேறு யாரையோ சொல்கிறார்கள் போலிருக்கிறது என்றுகூட நினைத்தாள். அத்தனை நம்பிக்கை, பாவி மகளுக்கு!

கூட்டத்தன்று பாதிக்கப்பட்ட குடும்பம் என்று அவளை மேடையில் ஏற்றி உட்கார வைத்தார்கள். ரத்தினசாமி நன்றாகத்தான் பேசினார். குண்டு விழுகிற ஊர்களின் பேரெல்லாம் சொன்னார், கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு சித்ராதேவியின் பக்கம் கையைக் காட்டினார்.

"இந்தப் புள்ளையோட ஊட்டுக்காரர் இன்னைக்கு அந்த நெருப்புக்குள்ள நிக்கறார். கிளம்பறப்பவே ஸ்டேஷன்ல வச்சு நான் சொன்னேன். பாத்துப் போய்ட்டு வா கண்ணு, பாத்துப் போய்ட்டு வான்னு சொன்னேன்! எனக்கு அன்னைக்கே மனசுல பட்டுது. வேற என்ன சொல்ல முடியும் நான்?"

மைதானமே கை தட்டியது. வழியனுப்ப வந்த அத்தனை பேரும் சொன்ன சொல், அதை எடுத்து எச்சரிக்கை என்று ஆக்கிவிட்டாரே! எழுந்து கத்தியிருக்கலாம். இத்தனை வருஷம் அண்ணா அண்ணா என்று கும்பிட்ட பழக்கம் ஆளை அமுக்கி உட்கார வைத்துவிட்டது.

மேடையை விட்டு இறங்கியதும் அவரை மறித்தாள்.

"ஏனுங்கண்ணா, போர் வராதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?"

"அது அன்னைக்கு இருந்த நெலமை கண்ணு. பாத்துப் போன்னு சொன்னனா, இல்லையா?"

"சொன்னீங்க."

"அப்புறமென்ன?" என்று தலையைத் தடவிவிட்டுப் போனார்.

ஏமாற்றிவிட்டார் என்று சொல்லவும் வழியில்லாமல் ஏமாற்றிவிட்டார். கணக்குத் தப்பியதற்கு அவள் கோபப்படவில்லை. பெரிய பெரிய தேசத்து ராஜாக்களுக்கே தெரியாத சங்கதி, ராயபுரத்துச் சங்க ஆபீசில் உட்கார்ந்திருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? "தப்பாச் சொல்லிப்போட்டேன் கண்ணு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் காலடியிலேயே அழுதுவிட்டு எழுந்து வந்திருப்பாள். தெரியாது என்று சொல்வதற்கு மட்டும் எந்தத் தலைவருக்கும் நாக்கு வராது போலிருக்கிறது.

பழி எங்கேயாவது போய் இறங்கித்தானே ஆக வேண்டும்? நேராக அவள் தலையில் வந்து இறங்கியது. மறுநாள் செக்கிங் மேஜையில் பக்கத்தில் நிற்கும் மயிலாள், "அண்ணன் அத்தனை சொல்லியுமா அனுப்பி வச்ச? உனக்கு ஊட்டு ஆசை கண்ணை மறச்சுப்போடுச்சு" என்றாள். பழனாத்தாள் மருமகள் முகத்தையே பார்ப்பதில்லை. "என்ற மகன் போகமாட்டேன்னுதான் சொன்னான். இவதான் தள்ளி உட்டா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். அதில் பொய்யும் இல்லை. அதுதான் சித்ராதேவியை அறுத்தது.

அவள் எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். சங்க ஆபீசில் அன்றைக்கு மூன்று பேர்தான் இருந்தோம், அண்ணன், நான், என் புருஷன் என்று நினைத்துக்கொள்வாள். குகன் வரட்டும், வந்து நடந்ததை நடந்தபடி சொல்லட்டும். முருகா, ஆளைக் கொண்டுவந்து சேர்த்துவிடு, மற்றதை அவர் வாய் பார்த்துக்கொள்ளும் என்று விடிந்து எழுந்தால் இதே வேண்டுதல்தான்.

ஆடியில் குகன் வந்து சேர்ந்தான். முகாமில் குண்டு விழுந்து தீப்பிடித்ததில் வலது கை வெந்து, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. அயர்ன் பெட்டி பிடித்த கை, இனி ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்காது. உயிரோடு வந்ததே போதும் என்று சித்ராதேவி அழுதாள். சோற்றைப் பிசைந்து குழந்தைக்கு ஊட்டுவது போல மூன்று வேளையும் ஊட்டினாள். ரத்தினசாமியைப் பற்றி அவளாக எதுவும் கேட்கவில்லை. கை கொஞ்சம் ஆறட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவள் கம்பெனிக்குப் போயிருந்த நேரத்தில் ரத்தினசாமி வீட்டுக்கு வந்து போனார். அந்த வார ஞாயிற்றுக்கிழமையே குகனுக்குப் பாராட்டுக் கூட்டம் என்று அறிவித்துவிட்டார்கள். சித்ராதேவி நல்ல புடவை கட்டிக்கொண்டு போய்ப் பெண்களோடு முன்வரிசையில் உட்கார்ந்தாள். இன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்துவிடும், மயிலாளுக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியும் என்று நினைத்து நினைத்து அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. ரத்தினசாமி குகனுக்குப் பொன்னாடை போர்த்தி மைக்கைக் கொடுத்தார். குகன் இடது கையில் வாங்கினான்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. அண்ணன் எனக்கு அன்னைக்கே சொன்னாருங்க. பாத்துப் போன்னு சொன்னாரு. என்ற ஊட்டுக்காரிதான் போயே ஆகோணும்னு நின்னா. அண்ணன் பேச்சைக் கேக்காததுக்கு இந்தக் கையே சாட்சி."

கைதட்டல் எழுந்தது. மயிலாள் திரும்பிச் சித்ராதேவியைப் பார்த்தாள். பார்க்கட்டும், யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும், சித்ராதேவி மேடையில் நிற்கிற அந்த ஒரு ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கண் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்து மத்தியானச் சோற்றைப் போட்டுப் பிசைந்தாள். இரண்டு வாய் ஊட்டினாள். பிறகு கேட்டாள்.

"ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

குகன் மென்று விழுங்கினான். "அண்ணன் சங்க ஆபீசுலயே வேலை போட்டுத் தர்றேங்கறாரு புள்ள. இந்தக் கைக்கு வேற எவன் தருவான்?"

"அதுக்கு?"

"அவரைச் சொன்னா வேலை போயிரும். உன்னையச் சொன்னா என்ன போயிரப் போகுது? நீ பொறுத்துக்குவ."

சித்ராதேவி மூன்றாவது வாய்க்கு உருட்டிய சோற்றைத் தட்டிலேயே வைத்தாள். தட்டை அவன் முன்னால் நகர்த்திவிட்டு எழுந்துபோய்க் கையைக் கழுவினாள்.

அவர்கள் பிரிந்துவிடவில்லை. இன்றைக்கும் ராயபுரத்தில் அதே வீடுதான். அவள் சமைக்கிறாள், துவைக்கிறாள், கம்பெனிக்குப் போகிறாள். சங்கத்துப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. குகன் சங்க ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிறவர்களுக்குக் கும்பிடு போடுகிறான். அன்றைக்கு மத்தியானத்திலிருந்து அவன் சாப்பிடுவது இடது கையில்தான்.