பிள்ளைச்சாவடிக்காரரின் பஞ்சர்

சைக்கிளை விட்டு இறங்குகிறவரின் இரண்டாவது கால் தரையைத் தொடுவதற்குள் சித்தப்பா முன்சக்கரத்தைக் கழற்றிவிடுவார். முதலியார்பேட்டை மெயின் ரோட்டில் அவர் கடைக்கு அப்படி ஒரு பெயர். காலையில் மில் சங்கு ஊதுவதற்கு முன்னால் வேலைக்குப் போகிறவர்கள் கூட்டம். ஊதிய பிறகு நைட் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் கூட்டம். எல்லாருக்கும் தன் வண்டிதான் முதலில் ஆக வேண்டும். நேரமாகும் என்று சொன்னால் எதிர்ச்சாரிக் கடைக்குப் போய்விடுவார்கள். அதனால் சித்தப்பா யாரிடமும் நேரமாகும் என்று சொன்னதே கிடையாது. “அஞ்சே நிமிஷம்” என்பார். சொல்லி முடிப்பதற்குள் சக்கரம் சுவரில் தொங்கும். பஞ்சர் ஒட்ட டயரை ஒரு பக்கம் நெம்பினாலே போதும், சக்கரத்தைக் கழற்ற வேண்டியதே இல்லை. ஆனால் ஒற்றைச் சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு யார் எங்கே போவது?

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வருவார். சிப்பாய் என்பதைப் பிரெஞ்சில் சொல்கிற மாதிரி எல்லாரும் அவரைச் சொல்தா என்பார்கள். கடைக்காரன் எழுந்து நின்று பொன்ழூர் என்று வணக்கம் சொல்லி நாற்காலி போட வேண்டும் அவருக்கு. சித்தப்பா எழுந்து நிற்பார், பொன்ழூர் சொல்வார், நாற்காலியும் போடுவார். அப்புறம் சக்கரத்தைக் கழற்றுவார்.

எங்கள் வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தது. நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் அதுவும் நின்றுபோனது. பயந்த சுபாவம் எனக்கு. ஸ்கூலுக்குக் கிளம்பும்வரை கடை வாசலில் நின்று, காத்திருக்கிற அத்தனை பேருக்காகவும் நான் கவலைப்படுவேன். இவருக்கு மில் கேட்டைச் சாத்திவிடுவார்களோ, அவர் வீட்டில் தேடுவார்களோ என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்ப்பேன். காத்திருக்கிறவர்கள் என்னவோ பீடி பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டுதான் இருப்பார்கள்.

அப்படி ஒரு காலையில்தான் பிள்ளைச்சாவடியிலிருந்து மீன்காரர் ஒருவர் காற்றில்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் கேரியரில் மூடி போட்ட கூடை. ஒரு முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது. அவர் ஸ்டாண்டு போட்டு நிமிர்வதற்குள் முன்சக்கரம் சுவருக்குப் போய்விட்டது. வண்டியின் முன்பக்கம் ஒரு கள்ளிப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டது.

“மேஸ்திரி, கூடையில மீனு இருக்குது. வெயில் ஏர்றதுக்குள்ள தெருத்தெருவா சுத்தி வித்தாவணும்.”

“அஞ்சே நிமிஷம்.”

“வந்ததுலேருந்து இதயேதான் சொல்ற.”

“நீ வந்தே அஞ்சு நிமிஷம்தான்யா ஆவுது.”

வெயில் ரோட்டைத் தாண்டிக் கூடைப் பக்கம் வந்துகொண்டிருந்தது. ஈ மொய்த்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உள்ளே ஓடி ஒரு சாக்கை நனைத்து எடுத்துவந்து கூடைமேல் போட்டேன். அவர் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

நாற்காலியில் இருந்த சொல்தாவுக்கும் பொறுமை போயிருக்க வேண்டும். கைத்தடியால் கூடை மூடியைத் தூக்கினார். “சங்கராவா?” என்றார். தனக்கு வேண்டியதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டார். அதைப் பார்த்து நைட் ஷிப்டுக்காரர் ஒருவர் வந்தார், அவரைப் பார்த்து இன்னொருவர். சித்தப்பா சக்கரத்தை மாட்டி, “போய் வித்துட்டு வாய்யா” என்றபோது கூடையில் தண்ணீர்தான் இருந்தது. “இனிமே நான் எங்க போறது மேஸ்திரி?” என்று மீன்காரர் நின்றார். கடையே சிரித்தது.

மறுநாள் காலையிலும் அவருக்குப் பஞ்சர். அதற்கு அடுத்த நாளும். இதென்ன கஷ்டகாலம் இவருக்கு என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் அந்தத் தண்ணீர்த் தொட்டியைக் கவனித்தேன். டியூபில் காற்றடித்துத் தொட்டியில் அமுக்கினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். மற்றவர்கள் டியூபில் வந்தது. மீன்காரர் டியூபில் ஒன்றுகூட வரவில்லை. சித்தப்பா அமுக்குவார், எடுப்பார், துடைப்பார், சக்கரத்தைச் சுவரில் மாட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். கூடை காலியாகும்போதுதான் சக்கரம் கீழே இறங்கும். பஞ்சர் கூலிக்கு ஒரு கை மத்தி எங்கள் அடுப்படிக்கு வரும்.

அந்த மீனை நான் தொடவில்லை. பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே, “உங்க சித்தப்பாதான் ரோட்ல ஆணி போடறாராமே?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதெல்லாம் சண்டைக்குப் போனவள், இப்போது குனிந்த தலை நிமிராமல் நடந்தேன். கால் வீங்கிய மனுஷனை ஏமாற்றி மீன் வாங்கித் தின்கிற வீட்டில் அல்லவா பிறந்திருக்கிறேன்.

மெயின் ரோட்டில் கூடையை இறக்கி விற்கிறவர்களை விரட்டுவதற்கென்றே ஒரு போலீஸ்காரர் வருவார். அவருடைய சிவப்புத் தொப்பி தெரிந்ததும் கீரை விற்கிற அம்மா மூட்டையைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் ஓடும். ஒரு நாள் காலையில் அவர் நேராக எங்கள் கடைக்கு வந்துவிட்டார்.

“இன்னா இது, மார்க்கெட்டா? வண்டிய எட்றா” என்றார் மீன்காரரிடம்.

“எப்படி சார் எடுக்கறது? சக்கரம் அங்க தொங்குது. பஞ்சர் சார்.”

“தினம் தினம் பஞ்சரா ஒனக்கு?”

“ரோடு அப்படி சார்.”

மீன்காரருக்கு உண்மை தெரியாமல்தான் இப்படிச் சொல்கிறார் என்று எனக்குப் பட்டது. கேட்க ஒரு போலீஸே வந்து நிற்கும்போது சொல்லாவிட்டால் அப்புறம் எப்போது சொல்வது? சொல்லிவிட்டேன்.

“மாமா, உங்க டியூப்ல ஓட்டையே இல்ல. ஒரு நாளும் குமிழி வந்ததில்ல. நான் பாத்தேன்.”

சொல்தா ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தார். மீன்காரரின் இரண்டு கையும் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டன. பாதிக்குமேல் மீன் இருந்தது அதில்.

“மேஸ்திரி, கொழந்த இன்னா சொல்லுது?” என்றார் போலீஸ்காரர்.

சித்தப்பா என்னைத் திட்டவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கொழந்தைக்கு இன்னா தெரியும் சார். நீங்களே வந்து பாருங்க” என்று சக்கரத்தை இறக்கினார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோரமாகக் குனிந்து டியூபை உருவினார். கொஞ்ச நேரம் பிடித்தது. காற்றடித்துத் தொட்டியில் அமுக்கினார். நூல் பிடித்த மாதிரி குமிழிகள் மேலே வந்தன.

“இது இன்னா சார்?”

“ஓட்டைதான்” என்றார் போலீஸ்காரர். சொல்தாவும் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்து, “ஓட்டை” என்று தீர்ப்புச் சொல்கிற மாதிரி சொன்னார்.

“சீக்கிரம் ஒட்டி அனுப்பு.”

“அஞ்சே நிமிஷம் சார்.”

எனக்குப் பறக்கிற மாதிரி இருந்தது. என் சித்தப்பா ஏமாற்றுக்காரர் இல்லை. என் கண்தான் இத்தனை நாளும் சரியாகப் பார்க்கவில்லை. அன்றைக்கு மீன் குழம்பை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் கடையைப் பெருக்கும்போது, சித்தப்பா குனிந்த இடத்தில் சின்ன ஆணி ஒன்று கிடைத்தது. குற்றவாளியைப் பிடித்துவிட்ட மாதிரி எடுத்துக்கொண்டு ஓடினேன். “சித்தப்பா, இதுதான் குத்தியிருக்கு!” அவர் அதை வாங்கி, “ஆமாம்மா, இதேதான்” என்றார். சுவரில் ஒரு மூலை கழன்று தொங்கிக்கொண்டிருந்த காலண்டரை நிமிர்த்தி, அந்த மூலையில் அதைக் குத்தினார்.

அதோடு நான் விடவில்லை. ஒரு பால் டப்பாவை எடுத்துக்கொண்டு, கடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ரோட்டில் கிடந்த ஆணி, முள், மாட்டு லாடத்திலிருந்து விழுந்தது என்று இருட்டும்வரை பொறுக்கினேன். பிள்ளைச்சாவடிக்காரர் வருகிற வழியில் ஒரு குண்டூசிகூட இருக்கக் கூடாது.

அப்படியும் மறுநாள் காலையில் அவருக்குப் பஞ்சர். சக்கரம் சுவரில் ஏறிவிட்டது, அவர் காலை நீட்டிக் கூடையைத் திறந்துகொண்டிருந்தார். சில பேருக்கு ராசியே அப்படித்தான் போல என்று, நிறைந்த என் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, அவருக்காக ரொம்ப நேரம் வருத்தப்பட்டு நின்றேன்.