மூன்று-மூன்று சொன்னதற்கான முறைப்பாடு

வீட்டில் வானொலிக் கருவி வைத்து வானலையில் கதைக்கும் எங்கள் ஹாம் வானொலிச் சங்கத்தில் முறைப்பாடுகளை விசாரிக்கும் பொறுப்பு, நான் போகாத ஒரு கூட்டத்தில் எனக்குக் கொடுக்கப்பட்டது. வழக்கமாக வருபவை மூன்று வகை: ஒருவர் அதிகம் கதைக்கிறார், ஒருவர் இடையில் புகுந்து கதைக்கிறார், ஒருவர் இரவல் வாங்கிய கேபிளைத் திருப்பித் தரவில்லை. தொண்டைமானாற்று ஐயாவின் முறைப்பாடு இவற்றில் எதிலும் அடங்கவில்லை.

ஐயா கப்பலில் வானொலி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தின் உயரமான அன்ரனாக் கம்பம் அவருடைய வீட்டு வளவில்தான் நிற்கிறது. ஞாயிறு காலையில் எல்லோரும் வானலையில் கூடும்போது, ஒருவரின் குரல் மற்றவருக்கு எப்படிக் கேட்கிறது என்பதை இரண்டு எண்களில் சொல்வோம். தெளிவுக்கு ஐந்து வரை, வலுவுக்கு ஒன்பது வரை. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஐந்து-ஒன்பதுதான் சொல்வார்கள். இணுவிலில் தோட்டம் செய்யும் அண்ணை மட்டும் ஐயாவுக்கு ஒவ்வொரு வாரமும் மூன்று-மூன்று சொன்னார்.

“உவன் வேணுமெண்டு செய்யிறான்,” என்றார் ஐயா தொலைபேசியில். “நான் நடுக்கடலிலை நிண்டு கதைச்சனான். எனக்கு மூண்டு-மூண்டோ? உவனை விசாரி பிள்ளை. இல்லாட்டில் உங்கடை கம்பத்தைக் கழட்டிக்கொண்டு போங்கோ.”

கம்பத்தைக் கழற்றினால் அதை நட எங்களுக்கு வேறு வளவு கிடையாது. நான் முதலில் இணுவிலுக்குப் போனேன்.

அண்ணையின் வானொலி கிணற்றடி மோட்டர்க் கொட்டிலில் இருந்தது. அவர் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“வலுவைக் காட்டுற ஊசி மூண்டிலை நிக்குது தங்கச்சி. அதை நான் கையாலை தள்ளி விடுறதே?”

“மற்ற ஆக்கள் எல்லாரும் ஐஞ்சு-ஒன்பது சொல்லினமே அண்ணை?”

“அவையின்ரை ஊசிக்கு மரியாதை தெரியும் போலை.”

மற்ற உறுப்பினர்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒவ்வொருவரும் முதலில், இது ஐயாவுக்குத் தெரியவராதுதானே என்று கேட்டார்கள். பிறகு, ஐயாவின் குரல் கிணற்றுக்குள் இருந்து கதைப்பதுபோல் கேட்கிறது என்றார்கள். எனக்கும் அப்படித்தான் கேட்டது. நானும் ஐந்து-ஒன்பதுதான் சொல்லி வந்தேன்.

சனிக்கிழமை ஐயா வீட்டுக்கு மீற்றருடன் போனேன். அவருடைய கருவி அனுப்பும் சக்தியில் பெரும்பகுதி அன்ரனாவுக்குப் போகாமல் திரும்பி வருவதாக அது காட்டியது.

“உது பிழைச்ச மீற்றர்,” என்றார்.

இரண்டாவது மீற்றரும் கொண்டு போயிருந்தேன். அதுவும் அதையே காட்டியது. வெளியே போய்ப் பார்த்தோம். கம்பத்தின் அடியில் அன்ரனாவுடன் கேபிள் சேரும் இடம் உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. ஐயா அதை விரலால் சுரண்டிப் பார்த்தார்.

“அப்ப மற்ற ஆக்கள் ஐஞ்சு-ஒன்பது எண்டது?”

நான் பழைய இணைப்பைக் கழற்றத் தொடங்கினேன்.

“நீயும் ஐஞ்சு-ஒன்பது எண்டுதானே சொன்னனீ?”

“ஓம் ஐயா.”

முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கிறீர்களா என்று கேட்டேன்.

“ஏன் எடுக்கோணும்? ஆளை மாத்து. உவனை விட்டிட்டு மற்ற எல்லாரையும் போடு.”

“என்னையுமோ?”

“உன்னை முதல் போடு.”

“கம்பம் ஐயா?”

“நாளைக்குச் சொல்லுறன்.”

புதிய இணைப்பைப் பூட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலை ஐயா முதலில் இணுவிலைத்தான் கூப்பிட்டார்.

“ஐஞ்சு-ஏழு ஐயா,” என்றார் அண்ணை.

“மிச்ச ரெண்டும் எங்கை தம்பி?”

“என்ரை பக்கத்துப் பனையளிலை மாட்டுப்பட்டிருக்கும் ஐயா.”

அடுத்தது மானிப்பாயில் இருக்கும் எங்கள் சங்கத் தலைவர். “ஐஞ்சு-ஒன்பது, ஐயா, அருமை,” என்றார்.

“உம்மடை ஊசியைப் பாத்துச் சொல்லும். கம்பம் இன்னும் என்ரை வளவிலைதான் நிக்குது.”

“ஐஞ்சு-ஆறு,” என்றார் தலைவர்.

“நன்றி,” என்றார் ஐயா. “கம்பம் நிக்கட்டும்.”