மேல் காதுக்கு ஒரு மொட்டைத் தண்டு

1. திருகு புதைந்த காது

"கழட்டிடாதீங்க தங்கச்சி! கழட்டினா ஓட்டை தூர்ந்துடும்!"

கடைக்குள் கால் வைக்கும்போதே அந்த அம்மாள் கத்திக்கொண்டுதான் வந்தார். பின்னால் அவர் மகள், தலையை ஒருபக்கம் சாய்த்துப் பிடித்தபடி வந்தாள். வலது காதின் மேல்பாகம் பணியாரம்போல் உப்பியிருந்தது. முன்பக்கம் கல் வைத்த கொப்பு தெரிந்தது. பின்பக்கம் திருகாணியைக் காணவில்லை. சதை அதை மூடிவிட்டது.

நான் செல்லம்மாள். ஜப்பான்காரன் படையெடுத்து வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு, தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் கடைத்தெருவை ஒட்டிய சந்தில் என் வீட்டுக்காரர் சுப்பையா ஆசாரி நகைப் பட்டறை வைத்திருந்தார். நகை செய்வது அவர். பெண்களின் காதைத் தொடுகிற வேலையெல்லாம் என்னுடையது. குத்துவது, மாட்டுவது, கழற்றுவது, புண்ணாக்கிக்கொண்டு வந்தால் திட்டுவது. கடைசி வேலையில் எனக்கு நல்ல பெயர். இப்போது நகைக்கடைக்கு வேலைக்கு வருகிற பெண்பிள்ளைகள், மேல் காதுக்கு என்ன போடச் சொல்வது என்று என்னிடம் கேட்கிறார்கள். மரகதத்தின் காதைப் பற்றிச் சொன்னாலே போதும்.

மரகதம்தான் அந்தப் பெண். நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவள் அப்பா கிராணி, கணக்கெழுதுகிறவர். அதனால் அம்மாவுக்குக் கிராணியம்மா என்றே பெயர். ரயிலேறிப் பிறைத் துறைமுகத்துக்கு வந்து, படகில் கடல் தாண்டி, ரிக்‌ஷா பிடித்து வந்திருந்தார்கள். அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீடு ஜார்ஜ் டவுனில், தானிய வியாபாரம். அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம்: மாமியார் கொடுக்கும் ஒற்றைக் கொப்பு வலது மேல் காதில் இருக்கும்போதுதான் தாலி ஏறவேண்டும். மரகதத்துக்கோ கீழ்க்காது மட்டும்தான் குத்தியிருந்தது. கொப்பு வந்து சேர்ந்ததும் தோட்டத்திலேயே யாரையோ வைத்து மேலே குத்தி, அன்றைக்கே அந்தக் கனத்தை மாட்டிவிட்டார்கள்.

"இப்பவே போட்டாத்தானே பழகும்?" என்றார் கிராணியம்மா. "அடுத்தவங்க பவுனு, தொலைஞ்சா என்ன பதில் சொல்றது? நல்லா இறுக்கித் திருகிட்டேன். தெனம் காலையில மஞ்சளும் எண்ணெயும் போட்டுத் திருப்பி விட்டேன். ஒருநாள் தவறல."

"தெரியுது அக்கா. குரங்குப் புண் ஆறுமா? நோண்டிக்கிட்டே இருந்தா எப்படி ஆறும்?"

கீழ்க்காது சதை. என்ன கொடுமை செய்தாலும் பொறுத்துக்கொள்ளும். மேல் காது குருத்து. அதில் ரத்த ஓட்டம் குறைவு, ஆற மாதக்கணக்கில் ஆகும். சீழ் வைத்துக் குருத்து கரைந்துவிட்டால் காது வாடிய வெற்றிலைபோல் மடங்கிப்போகும். பிறகு எந்த வைத்தியனாலும் நிமிர்த்த முடியாது. அப்படி மடங்கிய காதுகளை முந்தானையால் மூடிக்கொண்டு நடந்த பெண்களை எனக்குத் தெரியும். பத்தொன்பது வயசுப் பெண்ணுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று அவளைப் பிடித்து உட்காரவைத்தேன்.

வெந்நீரில் கல் உப்பைக் கரைத்துத் துணியால் ஒற்றி ஒற்றி ஊறவைத்தேன். மரகதம் துண்டைக் கடித்துக்கொண்டாள். திருகாணி அசைந்து கொப்பு கழன்றபோது அவள் அழவில்லை, கிராணியம்மாதான் அழுதார். சீழைக் கண்டதும் நான் கையை எடுத்துவிட்டேன். "இனிமே என் வேலை இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போங்க, இப்பவே" என்று அதே ரிக்‌ஷாவில் ஏற்றி அனுப்பினேன். கொப்பு என் மேசைமேல் கிடந்தது. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

2. வளையமா, தண்டா

ஆஸ்பத்திரியில் கழுவி மருந்து கொடுத்தார்கள். சில நாளில் வீக்கம் பாதி வடிந்து, தாயும் மகளும் திரும்பி வந்தார்கள். ஜார்ஜ் டவுனில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார்கள். துளை மூடாமல் இருக்க என்ன போடுவது என்பதுதான் இப்போது கேள்வி.

"வேப்பங்குச்சி போடலாமா?" என்றார் கிராணியம்மா.

"கீழ்க்காதுன்னா சரிலா. இங்க போட்டா, குச்சி ஊறிப் பெருத்துப் புண்ணைக் கிழிக்கும்."

"வெள்ளிக் கம்பி?"

"இந்த ஊர் வேர்வைக்கு ஒரே வாரத்துல கறுத்துடும்."

என் வீட்டுக்காரர் உலைப்பக்கமிருந்து, "சுத்தத் தங்கத்துல சின்ன வளையமா போட்டுறலாம், செல்லம். பார்க்கவும் லட்சணமா இருக்கும்" என்றார்.

"லட்சணம் கிடக்கட்டும். வளையம் ஒரு இடத்துல நிக்குமா? தலை துவட்டினா துண்டுல மாட்டும், படுத்தா உருளும். காஞ்ச பொருக்கை உள்ளே இழுத்துக்கிட்டுப் போகும். எனக்கு ஒரு தண்டு அடிச்சுக் குடுங்க."

"தண்டா?"

"நேர் தண்டு. வழவழன்னு இருக்கணும். வீக்கத்துக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நீளமா. முன்னாடி சின்னதா தட்டை மொட்டு, கல்லு வேணாம், முத்து வேணாம். பின்னாடியும் தட்டை. திருகு மரை நுனியில மட்டும். சதைக்குள்ள மரை இருந்தா அது ரம்பம்."

அவர் செய்துகொண்டு வந்து கையில் வைத்துப் பார்த்தார். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "இந்த மொட்டைத் தண்டை நகைன்னு சொல்லிக்கிட்டு வெளியில காட்டிடாத. நாலு பேரு பார்த்தா என் தொழிலுக்கு அசிங்கம்."

மாட்டினேன். காதுக்கும் பின்தட்டுக்கும் நடுவே ஒரு அரிசி நுழைகிற இடம் இருந்தது. மரகதத்திடம் சொன்னேன்: "திருப்பாத. எண்ணெய் வைக்காத. உப்புத் தண்ணியில கழுவிட்டு விட்டுடு. இடது பக்கமாப் படு. யார் கை காதுகிட்ட வந்தாலும் தட்டிவிடு. உங்க அம்மா கையானாலும் சரி."

"உங்க கையானாலுமா அக்கா?" என்றாள். துண்டைக் கடித்த பெண் முதல்தடவையாகச் சிரித்தாள்.

சொல்வது எளிது. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. கண்ணில் பட்ட வேலையை விட்டுவிட்டு உட்காருகிற பிறவி இல்லை நான். ஒவ்வொரு நாளும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்குப் போவேன். வாசலில் நின்றே காதைப் பார்ப்பேன். கை துறுதுறுக்கும், பின்னால் கட்டிக்கொள்வேன். சிவப்பு குறைந்தால் எனக்குப் பசிக்கும். குறையாத நாளில் வீட்டில் பாத்திரங்கள்தான் பாடுபடும்.

3. சம்பந்தியம்மாள் வந்தார்

கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை மூன்று பேராகக் கடைக்கு வந்தார்கள். மூன்றாவது ஆள் மாப்பிள்ளையின் அம்மா. நல்ல உயரம், கணீரென்ற குரல். பெண்ணின் காதில் கொப்பு இல்லை என்ற சேதி அவருக்கு எப்படியோ எட்டியிருந்தது.

"என்னம்மா இது? நான் குடுத்தது எங்கே? காதுல ஆணி அடிச்சு வச்சிருக்கீங்க?"

கிராணியம்மா முந்திக்கொண்டார். "எல்லாம் ஆறிடுச்சுங்க. இப்பவே போட்டுடலாம். தங்கச்சி, போட்டு விடுங்க!"

"ஆறல அக்கா. இப்ப போட்டா திரும்பச் சீழ் வைக்கும். இந்தத் தடவை காது மடங்கிடும்."

"அப்ப மூளிக் காதோட மணையில உக்கார வைக்கிறதா?" என்றார் சம்பந்தியம்மாள். "என் மாமியார் எனக்குப் போட்டது. அவங்களுக்கு அவங்க மாமியார் போட்டது. அது காதுல இல்லாம எம் மவன் தாலி கட்டமாட்டான்."

"தங்க ஊசின்னு கண்ணுல குத்திக்குவாங்களா அம்மா?" என்று எனக்கு வாய் வந்துவிட்டது. உள்ளே சுத்தியல் சத்தம் நின்றது. என் வீட்டுக்காரர் தலையில் கைவைத்திருப்பார். நான் அவசரமாகக் குரலைத் தணித்தேன். "தலைமுடியில ஒரு மாட்டல் சங்கிலி செருகி, கொப்பை அதுல தொங்கவிடுறேன். காதை ஒட்டியே நிக்கும். கனம் காதுல இறங்காது."

"ஏமாத்து வேலை! அதெல்லாம் கூத்தாடுறவங்களுக்கு."

கிராணியம்மா என் கையைப் பிடித்துக் கெஞ்சினார். கல்யாணம் நின்றுவிடும் என்ற பயம் அவர் கண்ணில் அப்பட்டமாகத் தெரிந்தது. எனக்கும் பயம்தான். என்னால் ஒரு கல்யாணம் நின்றால் இந்தத் தெருவில் தலைகாட்ட முடியுமா?

அப்போதுதான் மரகதம், நான் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்திருந்த கொப்பைக் கையில் எடுத்தாள். சம்பந்தியம்மாள் கையில் வைத்தாள். தலைமுடியை ஒதுக்கி, வலது காதை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"அத்தை, உங்க கையாலயே போட்டு விடுங்க."

அதில் எதிர்ப்பு இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

சம்பந்தியம்மாள் கொப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் காதைத் தொட்டார். விரல் பட்டதும் மரகதத்தின் தோள் துள்ளியது. ஆனாலும் நகராமல் நின்றாள். சம்பந்தியம்மாள் விரலை எடுக்கவில்லை. மெல்லக் காதின் பின்புறத்தையும் தொட்டுப் பார்த்தார்.

"என்னடி இது, கொதிக்குது?"

அவர் மரகதத்தின் தலைமுடியை இன்னும் கொஞ்சம் ஒதுக்கிப் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"குத்தின நாள்லேர்ந்து அத்தை. இப்ப ரொம்பக் கொறைவு."

அவர் கொப்பை மேசைமேல் வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். பிறகு என்னிடம், "அந்த மாட்டலு நல்லா நிக்குமா? நடுவுல விழுந்து தொலைஞ்சா நான்தான் ஊருக்குப் பதில் சொல்லணும்" என்றார்.

"விழாதும்மா. விழுந்தா என்னைக் கேளுங்க."

"உன்னைத்தான் கேப்பேன்."

4. மணமேடையில்

கல்யாணத்தன்று மாட்டலை நானே செருகினேன். கொப்பு காதோரம் பளபளவென்று நின்றது. மொட்டைத் தண்டு அதன் மறைவில் இருந்தது. தாலி ஏறியது. கெட்டிமேளத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, புகையால் என்று சொல்லிக்கொண்டேன்.

பிறகுதான் ஆபத்து. ஆசீர்வாதம் செய்ய வந்த பெண்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் காதை நோக்கிக் கையை நீட்டினார்கள். "கொப்பு எவ்வளவு கனம்?" "பழைய வேலைப்பாடுலா!" மேடையில் மரகதத்தை ஒட்டி நின்றுகொண்டு, ஒவ்வொரு கையையும் பட்டென்று தட்டிவிட்டவர் சம்பந்தியம்மாள்.

"பாக்குறதுன்னா கண்ணால பாருங்க! புள்ளைக்குக் காது புண்ணு!"

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நெரிசலில் பின்தட்டு அழுந்தியிருக்குமோ? அந்த அரிசி இடம் இன்னும் இருக்கிறதா? கூட்டத்தில் முண்டியடித்து மேடையேறி, என்னையறியாமல் கையை நீட்டிவிட்டேன்.

சுளீரென்று ஒரு அடி.

"உன் கையும்தான்!" என்றார் சம்பந்தியம்மாள்.

மரகதம் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அந்தத் தண்டு அடுத்த வருஷம் வரை அவள் காதில் இருந்தது. காது மடங்கவில்லை. அதற்குப் பிறகு நான் மேல் காதுக்கு நகை சொல்லும்போதெல்லாம் எடை, தண்டு, மரை, மொட்டு எல்லாம் பார்த்து முடித்துவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்பேன்: உன் வீட்டில் கையைத் தட்டிவிட யார் இருக்கிறார்கள்?