தொங்கவிட்ட கையின் அளவு

என் தங்கையை அவள் வேலை செய்யும் இடத்தில் கொசு என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது அவள் வேலை. அவள் எடுத்தால் வலிக்காது என்று பெயர். நரம்பே தெரியாத வயசாளிகள், தொட்டாலே வீறிடும் கைக்குழந்தைகள், மருந்து ஏற்றி ஏற்றி நரம்பு சுருங்கிப்போனவர்கள், எல்லாரும் அவளுக்காகவே காத்துக் கிடப்பார்கள். "கொசு வந்தாச்சா?" என்பதுதான் வரவேற்பு மேசையில் காலையில் விழும் முதல் கேள்வி. கைராசிக்காரி என்று வாயார வாழ்த்திவிட்டுப் போவார்கள். நான் மட்டும், "ஊரு ரத்தத்தை உறிஞ்சுறதுக்கு உனக்குச் சம்பளம் வேறயா" என்பேன். என் வாய் அப்படி.

நான் தையல்காரி. வீட்டு முன்னறைதான் கடை. அப்பா அம்மா போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளைவிட நான் எட்டு வயசு பெரியவள். எனக்கு மூக்கு நுனியில் கோபம். அதைச் சகித்துக்கொண்டு ஜனங்கள் என்னிடம் துணி கொடுத்ததற்கு ஒரே காரணம் என் அளவு. பதினெட்டு வருஷமாக, நான் தைத்துக் கொடுத்த எதையும் யாரும் சரியில்லை என்று திருப்பிக் கொண்டுவந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமையடித்த காலமெல்லாம் போய்விட்டது.

பரிசோதனைக் கூடம் காலை ஆறரைக்குத் திறந்துவிடும். வெறும் வயிற்றோடு வருகிறவர்களைக் காக்கவைக்க முடியாதல்லவா. எங்கள் வீட்டிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர், அந்நேரத்துக்குப் பேருந்து கிடையாது. யாரோ ஓட்டித் தள்ளிய ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, கால் நுனியை ஊன்றிக்கொண்டு நிற்கப் பழகி, லாரிகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தாள். ஆறு இருபதுக்கு என் போனில் 'சேர்ந்தாச்சு' என்று ஒரு வார்த்தை வரும். அதைப் பார்த்த பிறகுதான் டீ எனக்குத் தொண்டையில் இறங்கும். அவளிடம் இதை ஒருநாளும் சொன்னதில்லை.

ஒருநாள் பரிசோதனைக் கூடத்து வேன் டிரைவர் அதே சாலையில் தன் மோட்டார் சைக்கிளோடு விழுந்தார். மெல்லிய சட்டைதான் போட்டிருந்தார். தோளிலிருந்து இடுப்புவரை தார் ரோடு அவர் தோலை வழித்து எடுத்துவிட்டது. அவருக்கு ரத்தம் எடுத்துவிட்டு வந்த இவள், அன்றைக்குச் சாப்பிடவில்லை.

"தோலே இல்லக்கா. எங்க குத்துறதுன்னு எனக்கே கை நடுங்கிடுச்சு."

"அதுக்கு வேலையை விட்டுடப் போறியா?"

"இல்ல. நல்ல ஜாக்கெட்டா ஒண்ணு வாங்கப் போறேன். பேட் வச்சது."

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனோம். தாடி வைத்த ஒரு தம்பி விற்பனையைக் கவனித்தார். நிறுத்தாமல் பேசுகிற ஆள், ஆனால் விஷயம் தெரிந்தவர். தோல் ஜாக்கெட் விழுந்தால் கிழியாது, ஆனால் வெயிலில் ஆளை அவித்துவிடும் என்றார். வலைத்துணி ஜாக்கெட்டில் காற்று புகும், மழைக்கு மேலே தனியாக ஒன்று போட்டுக்கொள்ளலாம். கறுப்பு வேண்டவே வேண்டாம், விடியாத இருட்டில் லாரிக்காரன் கண்ணுக்குப் படாது என்றார். இரண்டு தோள், இரண்டு முழங்கை, முதுகு என்று ஐந்து இடத்தில் அடி தாங்கும் கெட்டி மெத்தை இருந்தது. அதைத்தான் பேட் என்கிறார்கள். விரல் மூட்டால் அதைத் தட்டித் தட்டிக் காட்டினார். உள்ளங்கையில் கெட்டிப் பட்டை வைத்த கையுறை ஒன்றையும் எடுத்துவைத்தார். இவள் எல்லாவற்றுக்கும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி தலையாட்டினாள். கடைசியில் கண்ணைப் பறிக்கும் பச்சை மஞ்சளில் ஒரு வலை ஜாக்கெட்டை எடுத்தாள்.

"ரோடு போடுறவங்க மாதிரி இருக்கடீ" என்றேன்.

"தெரிஞ்சா சரிதான்."

கடையில் ஆடாமல் நிறுத்திவைத்த ஒரு வண்டி இருந்தது. அதில் அவளை உட்காரவைத்து ஹேண்டிலைப் பிடிக்கச் சொன்னார். இருந்ததிலேயே சின்ன அளவு ஜாக்கெட் அது. ஆனாலும் ஆம்பளைக்கு வெட்டியது. அவள் அதற்குள் எங்கேயோ இருந்தாள். தம்பி முழங்கைப் பேடை இரண்டு விரலால் திருகினார். அது கையைச் சுற்றிப் பின்பக்கம் போய்விட்டது.

"பாத்தீங்களா, விழுறப்ப இது இருக்க வேண்டிய இடத்துல இருக்காது. லேடீஸ் சைஸ் வரவழைக்கணும். ரெண்டு மாசம் ஆகும்."

"ரெண்டு மாசமா? நான் எதுக்கு இருக்கேன்? இதையே கொடுங்க. பிரிச்சு அளவா ஆக்கிடுறேன்."

"அக்கா, இது சட்டை மாதிரி இல்லக்கா. இத அளவெடுக்கும்போதே வண்டியில..."

"தம்பி, நீங்க விக்கிற வேலையைப் பாருங்க. ஊசி நூல் வேலையை நான் பாத்துக்குறேன்."

அவர் வாயை மூடிக்கொண்டார். நான் பேசினால் யாரும் மூடிக்கொள்வார்கள். அந்தத் தம்பி கொஞ்சம் மானம் ரோஷம் பார்க்காதவராக இருந்திருக்கலாம் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. ஒரு நிமிஷம் என்னோடு சண்டை போட்டிருந்தால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால் அவளை நிறுத்தினேன். நிமிர்ந்து நில், நேராகப் பார், வயிற்றை எக்காதே, கையைத் தொங்கப் போடு. என்னிடம் அளவு கொடுக்க வருகிறவர்களுக்கு இது மனப்பாடம். நான் டேப்பைத் தோளில் வைத்ததும் அவள் இரண்டு கையையும் முன்னால் நீட்டி மடக்கினாள், ஹேண்டிலைப் பிடிக்கிற மாதிரி.

"அக்கா, வண்டியில உக்கார்ற மாதிரி வச்சுக்கட்டுமா?"

அவள் கையில் பட்டென்று ஒன்று போட்டேன்.

"கையைத் தொங்கப் போடுடீ. எனக்கே பாடம் எடுக்குறியா? பதினெட்டு வருஷமா அளவெடுக்குறேன்."

அவள் சிரித்துக்கொண்டே கையைக் கீழே விட்டாள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை இருபது அங்குலம். எழுதிக்கொண்டேன்.

மூன்று சாயங்காலம் அதோடு மல்லுக்கட்டினேன். ஐந்து ஊசி உடைந்தது. பேட்களை வெளியே எடுத்து, பக்கவாட்டைக் குறைத்து, கையின் நீளத்தைக் குறைத்து, முழங்கைப் பேட் இருக்கும் பையைப் பிரித்து அவள் முழங்கைக்கு நேராகத் திரும்பத் தைத்தேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். அளவென்றால் அப்படி ஓர் அளவு. எங்கும் ஒரு சுருக்கம் இல்லை. பேடைத் திருகிப் பார்த்தேன், நகரவில்லை. "கடையில போய் அந்தத் தாடிக்காரன்கிட்ட காட்டுடீ" என்றேன். இப்போது நினைத்தால் என் நாக்கை இழுத்து வைத்து அறுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் வண்டியை எடுக்கும் முன்னால் ஜாக்கெட்டின் வலது கை விளிம்பைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டுக்கொள்வாள். வாசலிலிருந்து அதைப் பார்த்திருக்கிறேன். ஸ்டைல் என்று நினைத்தேன். எனக்கு மனசு நோகுமே என்று அவள் வாய் திறக்கவில்லை.

ஏழு மாசம் கழித்து ஒரு புதன்கிழமை, ஆறு இருபதாகியும் 'சேர்ந்தாச்சு' வரவில்லை. ஆறரை ஆயிற்று. ஆறு நாற்பதுக்கு அவள் எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. பேசியது ஓர் ஆண் குரல். பாலத்து வளைவில் எந்த லாரியோ டீசலைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. வண்டி வழுக்கி, வலது பக்கமாக விழுந்து, முழங்கை தரையில் குத்தியிருக்கிறது. "நினைவு இருக்கும்மா, பயப்படாதீங்க" என்றார். எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் நல்ல செய்தியைத்தான் சொன்னார். ஜாக்கெட் இல்லாவிட்டால் தோள் போயிருக்கும், முதுகுத் தோல் மிஞ்சியிருக்காது, கையுறையால் உள்ளங்கை தப்பித்தது. பிறகு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். முழங்கை மூட்டு நொறுங்கியிருந்தது. உடைந்த பிஸ்கட் மாதிரி, எத்தனை துண்டு என்று எண்ண முடியவில்லை.

"எல்லா இடத்துலயும் பேட் வச்சிருக்கீங்க. முழங்கைக்கு மட்டும் ஏம்மா வைக்கல?"

"வச்சிருந்துச்சே டாக்டர். நான்தான் தச்சேன்."

கத்தரித்து எடுத்த ஜாக்கெட்டை நர்ஸ் ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்.

வீட்டில் அதை வெட்டுமேசையில் விரித்தேன். தோள் பேட் தேய்ந்து கரியாகியிருந்தது. முழங்கைப் பேட் புத்தம் புதிதாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. அதற்கு மூன்று விரற்கடை கீழே துணி ஓட்டையாகி, ஓரமெல்லாம் ரத்தம் காய்ந்திருந்தது. எனக்கு விளங்கவில்லை. அளந்து அளந்து பார்த்தேன், நான் தைத்த இடத்தில்தான் பேட் இருந்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, ஹேண்டிலைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டி மடக்கினேன். நான் போட்டிருந்த முழுக்கைச் சட்டையின் விளிம்பு மணிக்கட்டை விட்டு மேலே ஏறிக்கொண்டு போயிற்று. மூன்று விரற்கடை.

நிற்கிறவளுக்குத் தைத்திருக்கிறேன். உட்கார்ந்து ஓட்டுகிறவளுக்கு இல்லை. அவள் நிமிர்ந்து நின்று, கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்தபடி விழுந்திருந்தால் அந்தப் பேட் அவளைக் காப்பாற்றியிருக்கும். தாடிக்காரத் தம்பி சொல்ல வந்தது இதைத்தான். எந்தத் தையல்காரியும் இந்தத் தப்பைத்தான் செய்திருப்பாள் என்று பக்கத்து வீட்டம்மா என்னைத் தேற்றினாள். எந்தத் தையல்காரியிடமும் என் தங்கை கேட்கவில்லை, என்னிடம்தான் கேட்டாள்.

இரண்டாவது ஆபரேஷன் முடிந்த மறுநாள் அவளிடம் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "திட்டுடீ" என்றேன். "நாலு அறை வேணும்னாலும் அறை."

"அன்னைக்கே கேட்டேன்லக்கா" என்றாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. எடுத்திருக்கலாம்.

தகடு வைத்தார்கள், திருகு போட்டார்கள், ஆறு மாசம் பயிற்சி கொடுத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிவிட்டது. நீளாது, இதற்கு மேல் மடங்காது. விரல்கள் அசைகின்றன, ஆனால் நான்காவதும் ஐந்தாவதும் மரத்தே கிடக்கின்றன. இனி ஊசி பிடிக்க வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். கூடத்து முதலாளி நல்ல மனுஷர்தான், வேலையை விட்டு அனுப்பவில்லை. வரவேற்பு மேசையில் உட்காரவைத்தார். இப்போது காலையில் ஒரு வேன் வந்து கூட்டிப்போகிறது. வந்தவர்களின் பெயரை இடது கையால் எழுதி, குப்பியில் சீட்டு ஒட்டி உள்ளே அனுப்புகிறாள். "கொசு வந்தாச்சா?" என்று தெரியாத்தனமாக இன்னும் சிலர் அவளிடமே கேட்கிறார்களாம்.

போன வாரம் ஒருநாள் வேன் அவளை இறக்கிவிட்டுப் போனதும் நேராக உள்ளே வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"என்னடீ?"

"ஒரு கைக்குழந்தைக்கா. மூணு தடவை குத்திட்டாங்க. நரம்பு கிடைக்கல. எனக்கு மேசையில உக்காந்தே தெரியுது, எந்த இடத்துல இருக்கும்னு. அது கத்துது. நான் சீட்டு ஒட்டிக்கிட்டு இருக்கேன்."

அவள் அழவில்லை. நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மேசையில் உட்காருகிறவர்களுக்கு அங்கே வேறு சீருடை, நீல நிற முழுக்கைச் சட்டை. துணி கொடுத்திருந்தார்கள். நேற்று சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் வந்து நின்றாள். நான் டேப்பை எடுத்தேன், பென்சிலைக் காதில் செருகினேன். மனசு எங்கேயோ இருந்தது. வாய் மட்டும் இத்தனை வருஷப் பழக்கத்தில் தானாகப் பேசியது.

"நிமிர்ந்து நில்லு. நேரா பாரு. கையைத் தொங்கப் போடு."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. வலது கை முன்னால் மடங்கி, வண்டி ஹேண்டிலைப் பிடித்தாற்போல அப்படியே நின்றது.

"தொங்காதுக்கா" என்றாள். "இப்படியே எடு."

டேப்பைத் தோளில் வைத்து, முழங்கைத் தழும்பின்மேல் சுற்றி, மணிக்கட்டுவரை கொண்டுவந்தேன். இருபத்திரண்டே கால் அங்குலம். இன்னொரு தரம் அளந்தேன். அதேதான் வந்தது, எழுதிக்கொண்டேன்.