அண்ணனின் மோட்டார் சைக்கிளும் சனிக்கிழமை எண்ணெயும்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் இந்நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் அவருடைய ஒரே தங்கை வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். உத்தமர், உபகாரி, ஒப்பற்றவர் என்று அச்சுக்கூடத்துக்காரர் எழுத்துக் கோத்துத் தயாராக வைத்திருக்கிறார். "பேரை மட்டும் சொல்லுங்கம்மா, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் அண்ணனைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அண்ணன் தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்து, சிறு வயதிலேயே அப்பா அம்மாவோடு கப்பலேறி இந்த ரப்பர் நாட்டுக்கு வந்தவர். நான் பிறந்தது கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில். காய்ச்சல் கண்டு பெற்றோர் இருவரும் அடுத்தடுத்துப் போனபோது எனக்கு ஆறு வயது, அண்ணனுக்குப் பதினாறு. அவர் ரோடு போடும் கூலியாகச் சேர்ந்தார். கல் உடைத்த கையாலேயே இங்கிலீஷ் எழுதிப் பழகி, ஓவர்சியர் ஆனார். என்னைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினார். பட்டணத்தில், பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே பட்டறை வேலைக்காரர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார். அண்ணனுக்குப் பெண் பார்க்கலாமா என்று கேட்டால், "பார்க்கலாம், பார்க்கலாம்" என்பார். கடைசிவரை பார்க்கவேயில்லை. எனக்குப் பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரரும் காலமான பிறகு, தையல் மிஷினும் நானுமாகப் பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலேயே தங்கிவிட்டேன்.

சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து அண்ணன் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தார். ரோடு பார்க்கப் போவது அதில்தான். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் கிள்ளானிலிருந்து நேரே என் வீட்டுக்கு வருவார். ஆண்களுக்கு எண்ணெய் முழுக்கு சனிக்கிழமைதானே. மிளகு போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி வைத்திருப்பேன். புறக்கடையில் முக்காலி போட்டு உட்காருவார், நான் தலையில் வைத்துத் தேய்ப்பேன். "மெதுவா, தங்கச்சி, மண்டை ஓடு கையோட வந்துடும்" என்பார். முழுகி, ரசஞ்சோறு சாப்பிட்டு, தூங்கி எழுந்து, மறுநாள் போவார். அந்த ஒரு நாளை நினைத்துக்கொண்டே மற்ற ஆறு நாளும் தைப்பேன்.

ரப்பர் விலை விழுந்து ஊரெல்லாம் ஆட்குறைப்பு நடந்தபோது அண்ணனுக்கும் வேலை போயிற்று. ஊரில் சித்தப்பா நிலத்தில் பங்கு இருக்கிறது, போய்ப் பார்க்கிறேன் என்று கப்பலேறினார். மோட்டார் சைக்கிளை என் வீட்டுப் பின்கொட்டகையில் நிறுத்தினார். "சாக்கைப் போட்டு மூடி வை. வேற ஒண்ணும் செய்ய வேணாம். ஆறு மாசத்துல வந்துடறேன்" என்றார். மூன்று வருஷம் ஆயிற்று. வந்த கடிதங்கள் நான்கு.

அவர் போன முதல் சனிக்கிழமை, பழக்கதோஷத்தில் எண்ணெய் காய்ச்சிவிட்டேன். கிண்ணம் கையில் இருக்கிறது, தேய்க்கத் தலை இல்லை. சற்று நேரம் புறக்கடையில் நின்றேன். பிறகு கொட்டகைக்குப் போய்ச் சாக்கை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயை மோட்டார் சைக்கிளுக்குத் தேய்த்தேன். துரு ஏறாமல் இருக்கட்டும் என்று எனக்கு நானே காரணமும் சொல்லிக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமையும் தேய்த்தேன். மூன்று வருஷம் ஒரு சனிக்கிழமை விடவில்லை. சங்கிலிக்கு, கம்பிக்கு, துளை கண்ட இடத்துக்கெல்லாம். டாங்கியில் எண்ணெய்க்கென்று ஒரு மூடி இருக்கிறதே, அதைத் திறந்து அதற்குள்ளும் ஊற்றினேன். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம். தேய்க்கும்போது பேசவும் செய்வேன். "என்ன அண்ணே, கடுதாசியே காணோம்?" என்று கேட்பேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் நான் வாய் திறந்து பேசியது அங்கே மட்டும்தான்.

ஒரு புதன்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். நிலமும் இல்லை, பங்கும் இல்லை. பாதி உடம்பாகியிருந்தார். மறுநாளே ரயிலேறிக் கிள்ளானுக்குப் போய்ப் பழைய ஆட்களைப் பார்த்தார். ஓர் ஓவர்சியர் வேலை காலி இருந்தது. நீளமான ரோடு என்பதால் சொந்த மோட்டார் சைக்கிள் உள்ளவருக்குத்தான் கொடுப்பார்களாம். திங்கட்கிழமை காலை வண்டியோடு வந்து நிற்க வேண்டும். திரும்பி வந்ததும் சாக்கை விலக்கினார். விரலால் சங்கிலியைத் தொட்டார். விரல் ஒட்டிக்கொண்டது. மூன்று வருஷ நல்லெண்ணெய் தூசியோடு சேர்ந்து பலாப்பழப் பிசின்போல உறைந்திருந்தது.

"யாரும்மா இதுக்கு எண்ணெ போட்டது?"

"தெரியாதே அண்ணே. சீதோஷ்ணத்துல அப்படி ஆயிருக்கும்."

அவர் விரலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

வெள்ளிக்கிழமை முழுதும் பிரித்தார். சங்கிலியை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். டாங்கியில் கிடந்த பெட்ரோல் பழுப்பாகி வார்னிஷ் நாற்றம் அடித்தது, அதைக் கொட்டினார். காபுரேட்டரின் ஊசித் துளைகளைக் கோழியிறகால் துடைத்தார். புகைக்குழாய்க்குள் குளவி கட்டிய மண்கூட்டைக் கம்பி விட்டு உடைத்து எடுத்தார். வெடித்துப்போன டயர்களுக்குச் சீனர் கடையில் பழைய டயர் இரண்டு கிடைத்தது. என்ஜின் இறுகிப்போயிருந்தது. தீப்பொறி போடும் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே இரண்டு கரண்டி மோட்டார் எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டார். சனிக்கிழமை கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினார். சாயங்காலம் உள்ளே ஏதோ நகர்ந்தது. "உயிர் இருக்கு" என்றார். அன்றைக்கு எண்ணெய் முழுக்கு இல்லை. அவருக்கு நேரமில்லை.

நான் அடுப்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது, எழுதிவிடுகிறேன். அந்த வண்டி கிளம்பக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். கிளம்பினால் அவர் கிள்ளானுக்குப் போய்விடுவார், நான் மறுபடி தையல் மிஷினோடு கிடக்க வேண்டும். ஞாயிறு காலை, துடைத்துப் பளபளப்பாக்கிய பிளக்கைப் பழைய பேப்பர்மேல் வைத்துவிட்டு அவர் கைகழுவப் போனார். நான் அதை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்தேன்.

தேடினார். சாக்கை உதறினார், மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்தார், முட்டி போட்டுத் தரையைத் தடவினார். ஐம்பதை நெருங்கிய மனிதர். ஞாயிற்றுக்கிழமை, வேறு பிளக்கு வாங்கக் கடையும் இல்லை. கடைசியில் அந்த முக்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"விடு தங்கச்சி. இனிமே இங்கேயே இருந்துக்கறேன். உனக்குப் பாரமா இருக்காதுன்னா."

நான் வேண்டிக்கொண்டது அதுதான். ஆனால் பாரம் என்ற சொல் அவர் வாயிலிருந்து வரலாமா? ஆறு வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு லயத்தைவிட்டு வந்தவர் அவர். உள்ளே போய்ப் பானையைத் துழாவினேன்.

"இந்தாங்க அண்ணே. அரிசியில கெடந்துச்சு."

வாங்கினார். ஒட்டியிருந்த தவிட்டை ஊதிவிட்டார். கொட்டகைக்குப் போய் அதை என்ஜினில் திருகி முடுக்கினார்.

மதியத்துக்கு மேல் உதைத்தார். பத்து உதை, இருபது உதை. ஒருமுறை இருமியது. அப்புறம் பிடித்துக்கொண்டது பாருங்கள், வெள்ளைப் புகை சந்து முழுக்க. எவ்வளவு துடைத்தும் உள்ளே என் நல்லெண்ணெய் மிச்சம் இருந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்னடி, அதிரசமா சுடறே? எங்களுக்கும் ரெண்டு குடுலா" என்றாள். அண்ணன் சிரித்தார். ஊரிலிருந்து வந்தபின் அவர் சிரித்தது அப்போதுதான்.

வேலை கிடைத்தது. கிள்ளானுக்குப் போனார். நான் பயந்தபடி ஆறு நாள் தனிமை திரும்பி வந்தது, சனிக்கிழமையும் திரும்பி வந்தது. அந்த வண்டிதானே அவரைக் கொண்டுவந்து விட்டது. சந்து முனையில் அதன் சத்தம் கேட்டதும் அடுப்பில் எண்ணெயை ஏற்றுவேன். ஐந்து வருஷம் அப்படி நடந்தது.

போன வருஷம் நெஞ்சு நோய் கண்டு கிள்ளான் ஆஸ்பத்திரியில் படுத்தார். நான் ரயிலில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"மோட்டாரை உன் வீட்டுக்கு ஏத்திவிடச் சொல்லியிருக்கேன். பெட்ரோலைக் கொட்டிடு. செங்கல்லு வச்சு டயரைத் தூக்கி நிறுத்து. மாசத்துக்கு ஒரு தடவை நாலு உதை உதைச்சு விடு, இறுகாது. இந்த வாட்டி நல்லெண்ணெ மட்டும் தேய்ச்சுடாதே."

"உங்களுக்கு அப்பவே தெரியுமா அண்ணே?"

"என் தலையில தேய்ச்ச எண்ணெ எனக்கு வாசனை தெரியாதா? பிளக்கு என்ன, நடந்தா போச்சு அரிசிப் பானைக்கு?"

அதற்கு இரண்டாம் நாள் அமைதியாகப் போய்விட்டார். அன்று வெள்ளிக்கிழமை.

அவரைப் பிரிக்பீல்ட்ஸுக்குக் கொண்டுவர லோரி கொடுத்த கிள்ளான் அண்ணாச்சிக்கும், காரியங்கள் முடியும்வரை என் வீட்டில் சமைத்துப் போட்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கும், கொள்ளி வைத்த பெரியப்பா மகனுக்கும், தோளில் சுமந்த ரோட்டு வேலைக்காரர் அனைவருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

இன்னொன்று. அண்ணன் சொன்னபடியே வண்டியை வைத்திருக்கிறேன். ஒரு சொட்டு எண்ணெய் தேய்க்கவில்லை. மாதந்தோறும் நானே உதைத்து விடுகிறேன், புடைவையை இழுத்துச் செருகிக்கொண்டு. உறவில் ஓட்டத் தெரிந்தவர் யாராயிருந்தாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம், விலை வேண்டாம். சனிக்கிழமைகளில் மட்டும் இந்தப் பக்கம் வந்து போக வேண்டும். முக்காலி புறக்கடையில் இருக்கிறது. சந்து முனையில் சத்தம் கேட்டதும் எண்ணெயை அடுப்பில் ஏற்றிவிடுவேன்.