பன்னிரண்டு ரிவோல்வர்களுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூசையின்போது பட்டறையில் நின்றது அத்தானும் நானும் மட்டுந்தான். முதலாளி இல்லை, ஒக்டோபர் கடைசியில் வரும் லேபர் டே லீவுக்குப் படகை இழுத்துக்கொண்டு வடக்கே போயிருந்தார். அக்கா இல்லை, அவள் கொழும்பில் ஒரு வாடகை அறையில் இரண்டாவது வருஷமாக விசாவுக்குக் காத்திருந்தாள். அத்தானுக்கு இங்கே நிரந்தர வேலை உண்டு என்று முதலாளி ஒரு கடிதம் எழுதித் தந்தால்தான் அவளுடைய விசா நகரும். நவம்பரில் எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தார்.

பட்டறை இந்த ஊரின் தொழிற்சாலைப் பகுதியான பென்ரோஸில் இருந்தது. இத்தாலியிலிருந்து பாகம் பாகமாக வரும் ரிவோல்வர்களை அராவி, பொருத்தி, கருநீலம் ஏற்றி விற்பதுதான் தொழில். பழைய வடிவங்களின் நகல்கள் அவை. தோட்டா வருவதற்கு முந்திய காலத்துச் சாமான்: ஒவ்வொரு அறைக்குள்ளும் கரிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை அழுத்தி, பின்பக்கம் சின்னச் செப்புத் தொப்பி ஒன்றை மாட்ட வேண்டும். சுடுகழகக்காரர்கள் வாங்குவார்கள். அத்தான் அரத்தோடு நிற்பார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன் என்பதால் கடுதாசி வேலை என்னுடையது.

அந்த வருஷம் முதலாளி எனக்கு ஒரு வேலை தந்தார். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வைக்க இரண்டு பக்கத்தில் இந்த ரிவோல்வர்களின் வரலாறு. எனக்கு அதில் பெருமை. நூலகத்தில் வாரக்கணக்காக இருந்து படித்தேன். தோட்டா வந்த பிறகு அமெரிக்கத் தொழிற்சாலைகள் இவற்றைக் கைவிட்டன. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூறாவது ஆண்டு நெருங்கியபோது, அங்குள்ளவர்களுக்கு இவற்றைச் சுட்டுப்பார்க்கும் ஆசை வந்தது. அசலைச் சுட்டுத் தேய்க்க மனம் வரவில்லை. ஆகவே அசலை மாதிரிக்குக் கொண்டுபோய், வட இத்தாலியில் தலைமுறைகளாகத் துப்பாக்கி செய்த ஒரு பள்ளத்தாக்கில் கொடுத்தார்கள். அங்கே அளந்து வார்த்தார்கள். இரும்பு அசலைவிடத் திறம். ஆணிகளின் புரி மட்டும் மில்லிமீற்றர்க் கணக்கு. முகம் அமெரிக்கன், உள்ளே இத்தாலி. சிலர் அதை அமிலத்தில் ஊறவைத்து அசல் என்று விற்றார்கள். அதைத் தடுத்தது ஒரு சின்ன முத்திரை. அந்த நாட்டுச் சட்டப்படி ஒவ்வொன்றையும் கூடுதல் மருந்து போட்டு வெடித்துப் பார்த்து, உடையாவிட்டால் கவசமும் நட்சத்திரமும் குத்தி, பக்கத்தில் வருஷத்தின் குறியையும் குத்துவார்கள்.

இதையெல்லாம் அத்தானுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லுவேன். அவர் முத்திரையைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

"அப்ப இது அதின்ரை நெத்தி எண்டு சொல்லு."

ஓம் என்று சொல்லிவிட்டேன்.

பூசையை வசதிக்காக லீவுக்கு முந்திய வெள்ளிக்கிழமைக்குத் தள்ளியிருந்தோம். யாழ்ப்பாணத்தில் கடைசல் பட்டறையில் நின்ற காலம் முழுக்க அத்தான் ஒரு வருஷமும் அதைத் தவறவிட்டதில்லை. கடைசல் இயந்திரத்துக்கு, சாவணத்துக்கு, அரங்களுக்கு எல்லாம் பொட்டு வைத்தார். பிறகு இரும்புப் பெட்டகத்தைத் திறந்தார். திறப்பை முதலாளி அவரிடம் நம்பித்தான் விட்டுப்போயிருந்தார். உள்ளே ஒரு கழகத்துக்கென்று பொருத்தி முடித்த பன்னிரண்டு ரிவோல்வர்கள், இன்னும் நிறமேற்றாத வெள்ளை இரும்பாக.

"அத்தான், அதுகள் வேண்டாமே."

"ஆயுத பூசையடா மச்சான். இவ்வளவு காலமும் சுத்தியலுக்குத்தான் பொட்டு வைச்சனான். இப்பதான் உண்மையான ஆயுதம் கையிலை கிடைச்சிருக்கு."

எண்ணெய் பூசிய இரும்பில் குங்குமம் பிடிக்கவில்லை. அவர் எண்ணெயைத் துடைத்தார். பீஜி இந்தியர் ஒருவரின் டெயரியில், அதாவது மூலைக்கடையில், வாங்கிய குங்குமத்தைத் தேசிக்காய்ப் புளியில், எலுமிச்சைச் சாறுதான், குழைத்து, ஒவ்வொன்றின் முத்திரைக்கும் மேலே அழுத்தி வைத்தார். 'எண்ணெயின்றி வைக்கக் கூடாது' என்ற வரியை அந்த வாரந்தான் பெட்டிக்குள் வைக்கும் தாளின் அடியில் நான் தட்டச்சு செய்திருந்தேன். சொல்லவில்லை. இந்த நாட்டுக்கு வந்தபின் அவர் சிரித்து வேலை செய்ததை அன்றுதான் கண்டேன். தட்டை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். பூசை வைத்ததை உடனே எடுக்கக் கூடாது என்று அப்படியே பூட்டிவிட்டு வந்தோம்.

செவ்வாய்க்கிழமை காலை முதலாளி பெட்டகத்தைத் திறந்தார். பன்னிரண்டிலும் ஒரே இடத்தில் காசளவு துரு. துணியால் துடைத்தால் கீழே அரித்த குழி. அவர் கூரையை நிமிர்ந்து பார்த்தார். மூலையில் வெகுநாளாக ஒழுகிக்கொண்டிருந்தது. தான்தான் திருத்தாமல் விட்டேன் என்று ஆங்கிலத்தில் தன்னையே ஏசிக்கொண்டார்.

ஆங்கிலம் அவ்வளவாக விளங்காத அத்தானிடம் நான் தமிழில் சொன்னேன்: "கூரை ஒழுக்கு எண்டு நினைக்கிறார். பேசாமல் இருப்பம். கடிதம் கிடக்கு."

"கூரையிலையிருந்து குங்குமமே ஒழுகினது? நான் வைச்சனான் எண்டு சொல்லு."

"அக்காவை நினைச்சுப் பாருங்கோ."

"அவவை நினைச்சுத்தான் சொல்லுறன். பொய் சொல்லி வாங்கின கடிதத்திலை அவ வரவேண்டாம். நீ படிச்சனி, வடிவாச் சொல்லு."

முதலாளிக்கு ஆங்கிலத்தில் வடிவாகச் சொன்னேன். எண்ணெயைத் துடைக்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்ததையும் சேர்த்தே சொன்னேன். முதலாளி ஒரு ரிவோல்வரை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். குழியை அராவி எடுக்கலாம், முத்திரையும் அதோடு போய்விடும். முத்திரை இல்லாததைத் தான் விற்கமாட்டேன் என்றார். அந்த வரலாற்றை எழுதியவன் நான்.

முத்திரை குத்திய புதிய இரும்புச் சட்டங்களை, ரிவோல்வரின் உடற்பாகங்களை, இத்தாலியிலிருந்து எடுப்பிக்க வேண்டும், அதற்கான காசை நீங்கள் கட்டுங்கள், கட்டி முடிந்ததும் கடிதம் தருகிறேன் என்றார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. அன்றைக்கு அதுவே போதும் போலிருந்தது.

நவம்பர் போனது. டிசம்பரில் நத்தார்க் கோடை விடுமுறைக்கு எல்லோரும் கடற்கரைக்குப் போக, நாங்கள் பட்டறையில் நின்றோம். சனிக்கிழமைகளில் புக்கெகோஹித் தோட்டங்களில் வெங்காயம் பொதி செய்தோம். திரும்பி வரும் காரில் அத்தான் நித்திரையாகிவிடுவார். கையில் வெங்காய மணம். அக்காவுக்கு ஏன் பிந்துகிறது என்று நான்தான் எழுதினேன். மே மாதம் கடிதம் கிடைத்தது. அவள் ஓகஸ்டில் வந்து இறங்கினாள்.

நாங்கள் கட்டி முடித்தது, பன்னிரண்டு இரும்புச் சட்டங்கள், விமானக் கூலியும் சேர்த்து: ஆயிரத்து நூற்று நாற்பது டொலர்.